வாசல் மாடத்து மெழுகுவர்த்தி

அன்புள்ள ஐனோவா,

அறுவடை முடிந்தது. நம் ரியோஹா திராட்சைத் தோட்டங்களைச் சுற்றிப்பார்க்க வந்த சிலரை நேற்று நம் நிலவறைக்கு அழைத்துப்போனேன். திராட்சைச் சாறு நொதிக்கும்போது உள்ளே நச்சுக்காற்று தேங்கும், மெழுகுவர்த்தியோடுதான் இறங்குவோம், அது அணைந்தால் திரும்பிவிடுவோம் என்றேன்.

"மெழுகுவர்த்தி இல்லாம யாராச்சும் இறங்குவாங்களா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"இந்த ஊர்ல பொறந்தவன் எவனும் எறங்கமாட்டாம்மா," என்றான் பக்கத்துத் தோட்டத்து பௌலினோ. என் முகத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

நம் மகன் இறங்கினான்; உயிரோடு ஏறிவரவில்லை. ஒயின் எடுத்துவர நீதான் அனுப்பினாய் என்று ஆறு வருடமாக உன்னையே நொந்துகொள்கிறாய். வீட்டை விட்டும் போய்விட்டாய்.

அன்று நிலவறை வாசல் மாடத்தில் எப்போதும் இருக்கும் மெழுகுவர்த்தி இல்லை, ஐனோவா. விடியற்காலையில் கரண்ட் போனபோது சவரம் செய்ய நான் எடுத்துவந்திருந்தேன்.

ஊர் கூடுவதற்குள் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் கணவன் என்று எழுதக் கை வராதவன்