ஒரு முழ மண்

சாய்ந்தமருது
12.3.1954

மகளின் வாப்பாவுக்கு,

ஸலாம். நாங்கள் சுகம். நீங்கள் வெட்டிச் சாய்த்த வேலி அப்படியே கிடக்கிறது. மண்ணில் தெறித்த இரத்தத்தை நான்தான் சாம்பல் போட்டு மூடினேன்.

கணவர் மௌத்தானதிலிருந்து பக்கத்து வீட்டு ராத்தா இத்தாவில் இருக்கிறார். வெளியே வர முடியாத அவருக்கு நான்தான் தினமும் நம் கிணற்றில் தண்ணீர் அள்ளிக் கொடுக்கிறேன். மையித்தைக் குளிப்பாட்டியவர்கள் ஏழு வெட்டு என்றார்களாம். ஒரு முழ மண்ணுக்கு ஏழு வெட்டு!

நேற்றுக் குடத்தை வாங்கியவர் என் கையை விடவில்லை.

"உன்ட புரிசன் எங்க ஒளிச்சிரிக்கான் எண்டு உனக்குத் தெரியும். சொல்லு புள்ள."

பொத்துவிலில் நீங்கள் இருக்கும் மீன்வாடியைச் சொல்லிவிட்டேன். அவருடைய தம்பிமார் இன்று விடியவே கத்திகளோடு பஸ் ஏறிவிட்டார்கள்.

இந்தக் கடிதத்தை நாளைக்குத்தான் தபாலில் போடுவேன்.

மகளின் உம்மா