வராத தீர்ப்புக்கு நகல்

ஜூலை 8, செவ்வாய்

காத்து. மழை பேருக்கு நாலு தூறல். பால் சொசைட்டிக் கூரையில தகரம் ஒண்ணு பிச்சுகிட்டு ரோட்டுல கிடந்தது. நல்லவேளை யார் தலையிலும் விழலை.

சொசைட்டியில காலைப் பால் டெஸ்டிங் முடிச்சுட்டு பஞ்சாயத்து ஆபீஸ். பேசறது தமிழ்னாலும் எங்க ஊர் எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளா; ஆபீஸ்ல எல்லாம் மலையாளம்தான். கல்யாணம் ரெஜிஸ்டர் பண்ண என்னென்ன வேணும்னு கேட்கத்தான். ஆதார், போட்டோ, ரெண்டு சாட்சி. எனக்கு மட்டும் கிளார்க் இன்னொண்ணு சேர்த்தார். "சேச்சி, ஆத்யத்தெ ஆளுமாயி பிரிஞ்ஞதின்டெ கோடதி விதி வேணம்." முதல் புருசனை விட்டுப் பிரிஞ்சதுக்குக் கோர்ட்டுத் தீர்ப்பு நகல். சீல் போட்ட ஒரிஜினல் நகல், ஜெராக்ஸ் ஆகாது.

கதிர்வேல்கிட்ட போன்ல சொன்னேன். (இனிமே க. போதும். பேரை முழுசா எழுதினா கூச்சமா இருக்குது. இந்த வயசுல கூச்சம் வேற!) நான் கட்டிக்கப் போறவர், கோபாலபுரத்துல ஸ்கூல் வேன் ஓட்டறார். சம்சாரம் தவறி நாலு வருசம். "அதுக்கென்னுங்க, பெரியப்பாகிட்ட இருக்குமில்லீங்க. ஆவணியில முதல் முகூர்த்தம்னு அக்காகிட்ட சொல்லிப்போட்டேன்"னார்.

அம்மாவுக்கு முழங்கால் வீக்கம். மிக்ஸி ஜாடி பிளேடு மாத்தணும்.

ஜூலை 10, வியாழன்

பெரியப்பா ஊடு. அப்பா போனதிலிருந்து எங்க ஊட்டுல அவர் சொன்னதுதான் சட்டம். ரேசன் கார்டு வைக்கிற மஞ்சப் பையிலிருந்து எடுத்துக் குடுத்தார். "இந்தா அம்மிணி. பத்திரமா வச்சிருக்கறேன் பாரு."

முத்திரைத்தாள். ரெண்டு பக்கத்துப் பெரியவங்க கையெழுத்து, முதல் புருசன் ராஜேந்திரன் கையெழுத்து, என் கையெழுத்து. திருப்பி வாங்கின சீர் பாத்திரம் வரிசையா எழுதியிருக்குது. அண்டா ரெண்டு, குத்துவிளக்கு ஜோடி, பித்தளைக் குடம், கட்டில், பீரோ. மாரியம்மன் கோயில் மண்டபத்துல உட்கார்ந்து பேசி எங்களைப் பிரிச்சு விட்டப்ப எழுதினது. வெத்தலைத் தட்டுல தாலிக்கொடியை வச்சேன், அவங்க மாமன் எடுத்துகிட்டார். ஊட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணி ஊத்திகிட்டேன். சனியன் விட்டுதுன்னு அம்மா அன்னைக்கு அரிசிம்பருப்பு சோறு ஆக்கினா.

"இது சரிங்க பெரியப்பா. கோர்ட்டுத் தீர்ப்பு?"

"கோர்ட்டுக்கும்தான் போனமில்ல. நீயும்தான வந்தே."

வந்தேன். ஞாபகம் இருக்குது. ரெண்டு பேரும் ஒத்துகிட்டுப் பிரியறதா மனு. அவன் குமுளியில ஏலக்காய்க் கடை வச்சிருந்ததனால மலை மேல இருக்கிற கோர்ட்டு. மழை, பஸ்சுல வாந்தி, ஒரு வக்கீல், நாலு இடத்துல கையெழுத்து. அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாம் முடிஞ்சுதுன்னு பெரியப்பா சொன்னார், முடிஞ்சுதுன்னு இருந்தேன். அந்த வக்கீலும் செத்துட்டாராம்.

ஜூலை 14, திங்கள்

பாலக்காடு. இங்கிருந்தே வாங்கிக் குடுப்பாங்களோன்னு ஒரு நப்பாசை. கோர்ட்டு வாசல்ல டீ குடிச்சிட்டிருந்த வக்கீல் குமஸ்தா ஒருத்தர் போன்லயே பேர் போட்டுத் தேடினார். ராஜேந்திரன், ராஜேந்திரன், ராஜேந்திரன். கேரளாவுல பொண்டாட்டியோட ஆகாதவனுக்கெல்லாம் இதேதான் பேர் போலிருக்குது. எங்களது இல்லை. பழைய கேஸ் எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறியிருக்காதாம்.

கேஸ் எங்க நடந்ததோ அங்கதான் நகல் கிடைக்குமாம். அவர் சொன்னது, மறக்காம:
– ரெண்டு பேர் பேரும் அப்பா பேரோட
– எந்த வருசம் (தோராயமா போதும்)
– கேஸ் நம்பர் இல்லைன்னா முதல்ல தேடச் சொல்லி ஒரு மனு, கிடைச்ச பிறகு நகலுக்கு ஒரு மனு
– கோர்ட்டு ஸ்டாம்பு
– ஆதார்
– "க்ஷம வேணம், சேச்சி." பொறுமை. அது எந்தக் கடையில விக்குதுன்னு சொல்லலை.

வர்ற வழியில தையல்காரம்மாகிட்ட ஜாக்கெட் துணி குடுத்தேன். மெரூன். கை கொஞ்சம் நீளமா.

ஜூலை 22, செவ்வாய்

லீவு. சொசைட்டியில சொன்ன காரணம், பல்லு வலி.

கோபாலபுரம் வரைக்கும் க. வேன்ல கொண்டு விட்டார். செக்போஸ்ட் தாண்டி பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம், மலை ஏறி குமுளி, அங்கிருந்து இன்னொரு பஸ். கேரளாவுல இருந்து கேரளாவுக்குப் போக தமிழ்நாடு முழுக்கச் சுத்தணும். வாந்தி இந்த தடவையும்.

கோர்ட்டு ஆபீஸ்ல ஒரு மலையாளத்தம்மா. நல்ல மாதிரி. "வர்ஷம் ஓர்மையுண்டோ?" எந்த வருசம்னு கேட்கறாங்க. பெரிய வெள்ளத்துக்கு ரெண்டு வருசம் முன்னாலன்னேன். சிரிச்சாங்க. மனுவை எழுதிக் குடுத்து என் போன் நம்பரும் எழுதிகிட்டாங்க. ரெக்கார்டு ரூம்ல தேடிட்டுக் கூப்பிடறாங்களாம்.

ஜன்னல் வழியா ரெக்கார்டு ரூம் தெரிஞ்சுது. துணியில கட்டின மூட்டைங்க, மேல வரைக்கும். அதுல ஒண்ணுல நான். மழைக்கு அந்த ரூமே ஈர நெல்லு மாதிரி நாறுது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

போன் வந்துருச்சு! கட்டு கிடைச்சுதாம், நேர்ல வரணுமாம். அம்மாகிட்ட சொன்னேன், ஆடி வெள்ளிக்கு மாவிளக்கு எடுத்தா. க. வேன் நிறையப் புள்ளைகளை வச்சுகிட்டே கூப்பிட்டு, "நகல் வந்துருச்சுங்களா?"ன்னு கத்தறார். பின்னால புள்ளைக எல்லாம் "வந்துருச்சுங்களா"ன்னு கத்துது. சிரிச்சு சிரிச்சு வயிறு வலி.

ஆகஸ்ட் 5, செவ்வாய். குமுளி பஸ் ஸ்டாண்டு

எழுதிடறேன், இல்லைன்னா ஊர் போறதுக்குள்ள யாரையாவது கடிச்சு வச்சிருவேன்.

தீர்ப்பு இல்லை.

கட்டு இருக்குது. மனு இருக்குது, என் கையெழுத்து இருக்குது, அவன் கையெழுத்தும். கடைசித் தாளை அந்தம்மா விரல் வச்சுக் காட்டினாங்க. ஒத்துகிட்டுப் பிரியற மனுன்னா ஆறு மாசம் கழிச்சு ரெண்டு பேரும் மறுபடி வந்து ஆமான்னு சொல்லணும். அப்பத்தான் தீர்ப்பு. நாங்க ரெண்டு பேருமே போகலை. வாய்தா, வாய்தா, வாய்தா. தள்ளுபடி.

"அப்பொ நான்?"

அந்தம்மா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. "சேச்சி இப்பழும் அயாள்டெ பார்யயாணு." இப்பவும் நீ அந்தாள் பொண்டாட்டிதான்.

தள்ளுபடியான உத்தரவுக்கு நகல் வேணுமான்னாங்க. குடுங்கன்னேன். இத்தனை தூரம் வந்ததுக்கு சீல் வச்ச ஏதோ ஒண்ணு.

நேரா குமுளி கடைக்குப் போனேன். அவன் இல்லை. கல்லாவுல ஒரு பொம்பளை, ஏலக்காயைச் சைஸ் பிரிச்சிட்டிருந்தா. செல்வி. அவனோட... என்னன்னு எழுதறது? சம்சாரம்னு எழுதினா கோர்ட்டு ஒத்துக்காது. கம்பத்துக்காரி. ரெண்டு பொம்பளைப் புள்ளைக, ஸ்கூலுக்குப் போயிருக்குதுக. நான் யாருன்னு சொன்னதும் எந்திரிச்சு நின்னா.

"வாங்கக்கா. உக்காருங்க. அவுக வண்டிப்பெரியார் வரைக்கும் போயிருக்காக."

டீ வாங்கிக் குடுத்தா. நான் சொல்ல வேண்டாம்னுதான் பாத்தேன். ஆனா அவனோட கையெழுத்து மறுபடி வேணும், எதுக்குன்னு கேட்பாளே. சொல்லிட்டேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பாத்தா, இங்கிலீசு, ஒண்ணும் புரிஞ்சிருக்காது. கை ஏலக்காய்ல கிடந்தது, பிரிக்கலை.

"எனக்குக் கோயில்ல வச்சுத்தான்க்கா கட்டுனாக. உங்களை முடிச்சு விட்டாச்சுன்னு எங்க அய்யாட்ட முத்திரைத்தாளைக் காட்டுனாக. அப்ப நான் யாருக்கா?"

அவ மேல கோவம் வரும்னு நினைச்சுத்தான் போனேன். வரலை.

அவன் வந்தான். தொப்பை. "சாந்தா? இப்ப எதுக்குப் பழசைக் கிளறறே? அதெல்லாம் பெரியவங்க அப்பவே முடிச்சதுதானே." கையெழுத்துன்னதும் மூஞ்சி மாறிப்போச்சு. இத்தனை வருசம் ரெண்டு பொண்டாட்டின்னு கோர்ட்டே எழுதி வச்சா என்னாகுமாம். முடியாதுன்னுட்டான். நான் கிளம்பறப்ப செல்வி என் போன் நம்பரை வாங்கிகிட்டா.

பஸ் எடுக்கறான்.

ஆகஸ்ட் 7, வியாழன்

பெரியப்பாகிட்ட சத்தம் போட்டுட்டேன். ஆயுசுல முதல் தடவை.

"ஏனுங்க பெரியப்பா, ஆறு மாசம் கழிச்சு வரச் சொன்னாங்கன்னு ஏன் சொல்லலை?"

"எதுக்கம்மிணி? அதுக்குள்ள நம்ம மண்டபத்துல உட்கார்ந்து தீர்த்தாச்சு. பாத்திரம் பண்டம் வந்துருச்சு. தாலி போயிருச்சு. அப்புறம் மலையேறி எவனோ ஒருத்தன் முன்னால நின்னு என்னத்தைச் சொல்றது? ராஜேந்திரன் ஊட்டுக்காரங்களும் அதேதான் சொன்னாங்க."

அவர் ஏமாத்தலை. அதுதான் வயிறு எரியுது. ஏமாத்தியிருந்தா நாலு வார்த்தை கேட்டுட்டு வந்திருக்கலாம். ரெண்டு ஊட்டுக்காரங்களும், நாங்களும், அண்டா திரும்பி வந்தா அறுந்துபோச்சுன்னு நம்பியிருக்கறோம். நான் பத்தாவது பாஸ். நானும் கேட்கலையே.

பெரியப்பா கடைசியில: "விடு. ஆவணியில கோயில்ல தாலி கட்டிக்கலாம். ரெஜிஸ்டர் என்னத்துக்கு? நானே நின்னு நடத்தறேன்." அம்மாவும் தலையாட்டறா.



ஆகஸ்ட் 10, ஞாயிறு

க. வந்தார். அம்மா பஜ்ஜி போட்டா. அவரும் அதையேதான் சொல்றார். "ஆமாங்க, கோயிலே போதுமுங்க. நம்மளை யார் வந்து பேப்பர் கேட்கப் போறாங்க?"

"நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா நான் யாருங்க?"ன்னேன்.

அவருக்குப் புரியலை. நான் அபசகுனமா பேசறேன்னு நினைச்சுகிட்டார். செல்வியைப் பத்திச் சொன்னேன். ஏலக்காய்ல அப்படியே கிடந்த அவ கையைச் சொன்னேன். கேட்டுகிட்டார், பாவம். கோர்ட்டுல முதல்ல இருந்து போட்டா மறுபடி ஆறு மாசம், கூடவும் ஆகலாம். அதுவும் அவன் கையெழுத்துப் போட்டாத்தான். "தை வரைக்குமுங்களா?"ன்னார். தைக்கு அப்புறமும்னேன்.

"யோசிக்கறேனுங்க."

பஜ்ஜியை முழுசும் சாப்பிட்டுட்டுத்தான் போனார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆவணி பொறந்தாச்சு. க. போன் இல்லை. அவங்க அக்கா சொசைட்டிக்கு வந்து பால் கேனை வச்சுட்டு எல்லார் முன்னாலயும் சொன்னா: "கொழிஞ்சாம்பாறையில ஒரு இடம் வந்திருக்குது. பழைய புருசன் இன்னும் காகிதத்துல இருக்கிற பொம்பளையை நாங்க எப்படிக் கட்டறது, நீயே சொல்லு?"

"கட்டாதீங்க"ன்னேன். பால்ல தண்ணி இருந்தது, அதையும் சொன்னேன். உள்ளதைத்தான் சொன்னேன்.

ஊட்டுக்கு வந்து அழுதேன். நல்லா அழுதேன். எனக்கு அந்தாளைப் பிடிச்சிருந்தது. வேன்ல முன் சீட்டுல உட்கார்ந்துட்டுப் போறது பிடிச்சிருந்தது. அவ்வளவுதான், வேற யார்கிட்ட சொல்றது.

மெரூன் ஜாக்கெட் வந்துருச்சு. கை அளவு சரியா இருக்குது.

ஆகஸ்ட் 20, புதன்

செல்வி போன். "அக்கா, நான் கூட்டியாறேன் அவுகளை. திங்கக்கிழமை. நீங்க வக்கீலைப் பாத்து வைங்க."

"முடியாதுன்னானே?"

"சோறு வைக்கல. மூணு நாளு. புள்ளைகளத் தூக்கிட்டு கம்பம் போயிருவேன்னேன். எனக்கும் ஒரு காயிதம் வேணும்லக்கா. நீங்க முடிச்சாத்தான் நான் மொதல்லருந்து கட்டிக்க முடியும்."

கட்டினவனையே மறுபடி கட்ட அவ என்னைக் கேட்டு நிக்கறா. க. வுக்குச் சொல்லலாமான்னு போனை எடுத்தேன். வச்சுட்டேன்.

பல்லு வலின்னே மறுபடி லீவு கேட்டேன். பல்லைப் புடுங்கிடுன்னு செக்ரட்டரி சொல்றார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

மழை நிக்கவே இல்லை. மலை தெரியலை, ரோடு தெரியலை. மெரூன் ஜாக்கெட்டையே போட்டுகிட்டுப் போனேன், வச்சு என்ன பண்றது.

மூணு பேரும் வந்திருந்தோம். புது வக்கீல் சின்னப் பையனாட்டம் இருக்கார். செல்வி யாருன்னு கேட்டு, தெரிஞ்சதும் மெதுவா சொன்னார், யார் கேட்டாலும் சொந்தக்காரின்னு மட்டும் சொல்லச் சொல்லி. அவ தலையாட்டினா. தாலியைச் சேலைக்குள்ள விட்டுகிட்டா. அதை நான் பாத்ததை அவளும் பாத்தா.

ராஜேந்திரனை முதல்ல உள்ள கூப்பிட்டுட்டுப் போனாங்க. நாங்க ரெண்டு பேரும் வராந்தா பெஞ்சுல. அவ முறுக்கு குடுத்தா, தின்னேன். புள்ளைகளுக்கு யூனிபார்ம் காயலைன்னா. எங்க ஊர்ல காத்து நல்லா அடிக்கும், அரை நாள்ல காஞ்சுரும்னேன்.

கதவைத் திறந்து வேற ஒரு அம்மா எட்டிப் பாத்தாங்க, கையில எங்க மனு.

"ராஜேந்திரன்டெ பார்ய ஆரா?" பொண்டாட்டி யாருன்னு.

ரெண்டு பேரும் எந்திரிச்சுட்டோம்.

அந்தம்மா என்னைப் பாத்தாங்க, அவளைப் பாத்தாங்க. செல்வி முந்தானையை இழுத்துப் போத்திகிட்டு உட்கார்ந்துட்டா. நான்தாங்கன்னு சொல்லிட்டு உள்ள போனேன்.