முதலைக்கு நுளம்பு வலை

போதுமான காலம் வாய்மூடி இருந்துவிட்டேன், மச்சான். இன்று காலை எங்கள் ஒழுங்கையில் நுளம்புக்குப் புகை அடித்தார்கள். அந்த வாடை வீட்டுக்குள் வந்த பிறகு உன்னோடு கதைக்காமல் இருக்க முடியவில்லை.

கோமாரி ஊர்ப் பக்கத்து முதலைப் பண்ணையில் அப்போது நீ மிருக வைத்தியர். நான் அலுவலகப் பொறுப்பாளர். அந்த மாரியில் குஞ்சுகள் தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு தொட்டிக்குள் வட்டம் வட்டமாக நீந்தின. பிறகு செத்தன. பெரியவற்றின் வயிற்றுத் தோலில் புள்ளி புள்ளியாகப் புண். நுளம்பு கொண்டுவரும் வைரஸ் என்றாய். தொட்டிகளுக்கு வலை கட்ட முதலாளி மறுத்தார். கல்முனைச் சந்தையில் நீயே வாங்கிவந்து கட்டினாய்.

ஊர் சிரித்தது. தேநீர்க் கடையில் முதலாளியின் மச்சினன் கேட்டான்: "என்ன டொக்டர், முதலையக் கடிச்சா நுளம்புட பல்லெல்லாம் உடஞ்சிருமே?"

நீ கோப்பையை வைத்தாய். "செதிலுக்கு நடுவுல தோல் மெல்லிசு. நம்பாட்டி வாங்க, தடவிப் பாருங்க. முதலைய நான் பிடிச்சித் தாறன்."

ஒருவரும் வரவில்லை.

அடுத்த கிழமைக் கூட்டத்தில், "டொக்டர்ட ஊசிதான் குஞ்செல்லாத்தையும் கொன்றது" என்று சொல்லி முதலாளி உன்னை வேலையிலிருந்து நிறுத்தினார். ஊசி போடாத குஞ்சுகளும் செத்ததைப் பதிந்து வைத்தவன் நான். வேலை போய்விடும் என்று பேசாமல் இருந்தேன். வெளியில் வந்து கேட்டாய்:

"உனக்குமா மச்சான் சந்தேகம்?"

"இல்ல."

"அத உள்ளுக்குச் சொல்லியிருக்கலாமே."

நீ அனுப்பிய மாதிரிகளின் ஆய்வுகூட அறிக்கை அதன் பிறகுதான் வந்தது. நீ சொன்ன அதே வைரஸ். "கிழிச்சிப் போடுங்க" என்றார் முதலாளி. நான் கிழிக்கவில்லை; யாருக்கும் காட்டவுமில்லை. பாண்டிருப்பில் உன் மரணவீட்டில் உன் உடலருகே நின்றபோதும் அது என் பையில் இருந்தது.

இப்போது உன் மகளும் மிருக வைத்தியர். "அப்பனப் போல ஊசி போட்டுராத பிள்ள" என்று ஆட்டுக்காரர்கள் அவள் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். அன்று சிரித்தவர்களை நான் மன்னிக்கவில்லை. முதலாளியையும் இல்லை, என்னையும் இல்லை. இந்த மனத்தாங்கலை விட்டுவிடும் எண்ணமும் இல்லை.

இந்த மடலும் அறிக்கையின் பிரதியும் உன் மகளுக்கும், பண்ணைக்கும், தேநீர்க் கடைக்கும் இன்று தபாலில் போகின்றன. நான் கையொப்பம் இடவில்லை. பயந்து அல்ல, யார் எழுதியது என்று முதலாளிக்கு வாசித்த உடனே விளங்கும். அறிக்கையில், மாதிரி அனுப்பியவர் என்ற இடத்தில், உன் பெயர் இருக்கிறது. இந்தத் தாள்களில் அந்த ஒரு பெயர் போதும்.