ஒன்று குறைந்த கணக்கு

நேற்று ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். பழைய நோட்டுகளை அலமாரியிலிருந்து எடுத்து ஒதுக்கும்போது, ஒன்றிலிருந்து காய்ந்த வாழைநார் ஒன்று என் மடியில் விழுந்தது. ஒரு சாண் நீளம்கூட இருக்காது. ஒரு முனையில் பேனாவால் போட்ட நீலக் கோடு இன்னும் அழியவில்லை. மூக்கருகே கொண்டுபோனேன். பிச்சிப்பூ வாசம் எப்போதோ போய்விட்டது, காகித வாசம்தான் இருந்தது. அந்தக் கோட்டைப் போட்டது நான். அதைப் பார்த்து நீ சிரித்த சிரிப்புதான் முதலில் நினைவுக்கு வந்தது.

நார் விழுந்தது நம் பிழைப் பதிவேட்டிலிருந்து. அதற்கு அடியில் உன் கணக்கு நோட்டு இருந்தது. உன் அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி மார்கழிக் கடைசியில் டீச்சர் என்னிடம் தந்த நோட்டு. ஆனி பிறந்த பிறகும் அது என் அலமாரியில்தான் இருக்கிறது. ஏன் கொடுக்கவில்லை என்பதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

சென்ற வருடம் கணக்கு டீச்சர் ஒரு பயிற்சிக்குப் போய்வந்ததில் தொடங்கியது எல்லாம். ஒவ்வோர் ஆசிரியரும் தம் வகுப்பில் ஒரு கற்றல் சிக்கலைக் கண்டுபிடித்து, காரணம் ஆராய்ந்து, தீர்வு ஒன்றைச் செய்துபார்த்து எழுதித் தர வேண்டுமாம். செயலாய்வு என்று பெயர். நம் டீச்சர் பின்ன வகுத்தலை எடுத்துக்கொண்டார். எட்டாம் வகுப்பிலும் பாதிப் பேருக்கு அது வரவில்லை. தவறுகளைத் தொகுக்கும் வேலையை என்னிடம் தந்தார். என் கையெழுத்து நன்றாக இருக்கும், கணக்கை முதலில் முடித்துவிடுவேன் என்பதுதான் தகுதி.

எனக்கு அன்று கால் தரையில் படவில்லை. நூறு பக்க நோட்டு வாங்கி, பிழைப் பதிவேடு என்று மேலே எழுதி, அடிக்கோலால் நான்கு கட்டம் போட்டேன். பெயர், கணக்கு, எழுதிய விடை, காரணம். முதல் மூன்றையும் உங்கள் நோட்டுகளைப் பார்த்து எழுதினேன். நான்காவதை நானே யோசித்து எழுதினேன். அது ஆராய்ச்சி என்று நினைத்தேன்.

உன் பெயருக்கு நேரே ஏழு முறை "கவனக்குறைவு" என்று எழுதியிருந்தேன். ஒன்பது மீட்டர் கயிற்றை முக்கால் மீட்டர் துண்டுகளாக வெட்டினால் பன்னிரண்டு துண்டு வரவேண்டும். நீ பதினொன்று என்று எழுதியிருந்தாய். ஐந்து மீட்டர் ரிப்பனில் அரை மீட்டர் துண்டுகள் பத்துக்குப் பதில் ஒன்பது. எல்லாவற்றிலும் ஒன்று குறைவு. வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதுவது உன் வழக்கம். அவசரத்தில் எண்ணுகிறாள், அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

டீச்சர் என் காரணங்களை நம்பினார். கவனக்குறைவு அதிகம் உள்ள ஆறு பேரை மெல்லக் கற்போர் என்று தனிப் பட்டியலில் சேர்த்தார். அந்த ஆறு பேரும் விளையாட்டுப் பாடவேளையில் வகுப்பிலேயே உட்கார்ந்து கணக்கு எழுத வேண்டும். அந்த மாதம்தான் எறிபந்து அணிக்கு ஆள் எடுத்தார்கள். பந்தைத் தலைக்கு மேலே பிடித்து ஒரே வீச்சில் எதிர்ப்பக்கக் கடைசிக் கோடுவரை போடுகிறவள் நம் பள்ளியில் நீ ஒருத்திதான். உன் பெயர் இல்லாமலே தேர்வு தொடங்கியது. நீ ஜன்னலோரம் உட்கார்ந்து, மைதானத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகவே நோட்டில் தலையைக் கவிழ்த்திருந்தாய்.

அதற்கு நான் காரணம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீ கேட்கும்வரை.

பேருந்து நிறுத்தத்தில் என் பை கனமாக இருக்கிறதென்று பதிவேட்டை உன் கையில் கொடுத்தேன். தோவாளை பேருந்து வர நேரமாயிற்று. நீ சும்மா புரட்டினாய். உன் வரிசை வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"ஏட்டி, இந்தக் காரணமெல்லாம் யாரு சொன்னது?"

நான்தான் எழுதினேன் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"என்கிட்ட கேட்டியா?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டாய். நோட்டை என் பையின் மேல் வைத்துவிட்டு, கூட்டமாக வந்த பேருந்தில் ஏறிப்போனாய். மறுநாளிலிருந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாய். சாப்பாட்டு வேளையில் என் டப்பாவைத் திறந்து பார்த்துக் கேலி செய்ய ஆள் இல்லை.

அடுத்த மூன்று நாளில்தான் உன் வரிசையை ஒழுங்காகப் படித்தேன். நீ சரியாகப் போட்ட கணக்குகளையும் சேர்த்துப் படித்தேன். பத்து மீட்டர் துணியில் சட்டைக்கு இரண்டரை மீட்டர் வீதம் நான்கு சட்டை, சரி. ஆறு கிலோ அரிசியை முக்கால் கிலோ பொட்டலங்களாக்கினால் எட்டு, அதுவும் சரி. துணியில் சரி, அரிசியில் சரி. கயிற்றிலும் ரிப்பனிலும் மட்டும் ஒன்று குறைகிறது. அவசரத்தில் எண்ணுகிறவளுக்கு எல்லாவற்றிலும் அல்லவா தவற வேண்டும்? இன்னும் இரண்டு பேருக்கு இதே போல ஒன்று குறைந்திருந்தது. உன் வீட்டைப்போல அவர்கள் வீட்டிலும் பூக்கட்டுகிறார்கள் என்பது எனக்குத் தெரிந்திருந்தும் இணைத்துப் பார்க்கத் தெரியவில்லை.

நான்காம் நாள் கடைசி பெஞ்சுக்கு வந்து உன்னிடம் கேட்டேன். கயிற்றுக் கணக்கில் மட்டும் ஏன் ஒன்று குறைகிறது என்று.

"சனிக்கிழமை காலைல வீட்டுக்கு வா. பிளேடு கொண்டு வராண்டாம், அங்க இருக்கு."

நான் வந்தபோது உன் அப்பா சந்தைக்குப் போயிருந்தார். முன்னறை முழுக்க ஈரச் சாக்கின் மேல் பிச்சிமொட்டு குவிந்திருந்தது. நீயும் உன் அம்மாவும் இரு பக்கமும் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தீர்கள். வாளித் தண்ணீரில் நார் ஊறிக்கொண்டிருந்தது. கட்டி முடித்த நீளச் சரம் ஒன்றை என் முன் போட்டு, ஒன்பது மீட்டர் இருக்கும், முக்கால் முக்காலாக வெட்டு என்றாய். நான் பையிலிருந்து அடிக்கோலை எடுத்தேன். எழுபத்தைந்து சென்டிமீட்டர் அளந்து, நாரில் பேனாவால் கோடு போட்டேன்.

"பிச்சிப்பூவ ஸ்கேல் வச்சு வெட்டுக பிள்ளைய நான் இப்பம்தான் பாக்கேன்" என்றார் உன் அம்மா. நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய்.

கோட்டின் மேல் சரியாக வெட்டினேன். வெட்டிய இடத்தின் இரு பக்கமும் கட்டு நெகிழ்ந்து பூக்கள் மடியில் உதிர்ந்தன. நான் பதறினேன். நீ அதை வாங்கி, ஒவ்வொரு முனையிலும் கொஞ்சம் பூவைக் கழித்து, வெறும் நாரை வெளியே எடுத்து முடிச்சுப் போட்டுக் காட்டினாய். ஒவ்வொரு வெட்டுக்கும் இப்படி இரண்டு முடிச்சு. ஒவ்வொரு முடிச்சும் கொஞ்சம் சரத்தைத் தின்றது. கடைசியில் எண்ணினால் பதினொரு துண்டு. மிச்சம் ஒரு சாண்கூட இல்லாத துணுக்கு.

"எழுது. பதினொண்ணு" என்றாய்.

அந்தத் துணுக்கை உன் அம்மா என் பின்னலில் வைத்துவிட்டார். வீட்டுக்குப் போய்ப் பூ வாடியபின் நாரை மட்டும் பதிவேட்டில் வைத்தேன். நேற்று விழுந்தது அதுதான்.

திங்கள்கிழமை டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் காரணங்கள் நான் ஊகித்தவை என்பதையும் சொன்னேன். டீச்சர் திட்டவில்லை. பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, "நானும் கேட்கலையே" என்றார். மறுநாள் உன்னைச் சரத்தோடு வரச்சொல்லி, மேசையருகே நின்று வகுப்புக்கு முன் வெட்டிக்காட்டச் சொன்னார். பிறகு, புத்தகக் கணக்கில் வரும் கயிற்றுக்கு முடிச்சு கிடையாது, வெட்டினால் ஒன்றும் வீணாகாது என்று வைத்துக்கொள்ள வேண்டும் என்று விளக்கினார்.

"முடிச்சே போடாண்டாம்னா அந்தக் கயிறு எதுக்கு டீச்சர்?" என்று நீ கேட்டாய். வகுப்பே சிரித்தது. டீச்சரும்தான். ஆனால் அன்று மாலையே மெல்லக் கற்போர் பட்டியலைக் கிழித்தார். மறுநாள் நீ மைதானத்தில் இருந்தாய்.

அந்த வாரம் டீச்சர் பதிவேட்டின் நான்காம் கட்டத்தை என்னிடமிருந்து எடுத்துவிட்டார். ஒவ்வொருவரும் தம் நோட்டிலேயே விடைக்குப் பக்கத்தில் "எப்படி வந்தேன்" என்று ஒரு கட்டம் போட்டு, அதில் ஒரு வரி எழுத வேண்டும் என்றார். காரணம் என்ற கட்டத்தில் இனி அவரவர் சொன்னதைத்தான் நான் எழுதலாம். அதன்பிறகு வந்ததையெல்லாம் நீயும் நானும் சேர்ந்து படித்தோமே. ஒருத்திக்குக் கரும்பலகையில் மூன்றும் எட்டும் ஒன்றுபோலத் தெரிந்திருக்கிறது. அவளுக்கு முன் பெஞ்ச் கிடைத்தது, பிறகு கண்ணாடியும் கிடைத்தது. நான்கு பேருக்கு "வீதம்" என்ற சொல்லே பிடிபடவில்லை. டீச்சர் "ஆளுக்கு இவ்வளவு" என்று மாற்றிச் சொன்னதும் மூன்று பேர் போட்டுவிட்டார்கள். நான் ஊகித்து எழுதியதில் ஒன்றுகூடச் சரியில்லை.

என் வரியும் இருந்தது. "தலைகீழாக்கிப் பெருக்கினேன்" என்று எல்லாக் கணக்குக்கும் எழுதியிருந்தேன். நீ அதைப் படித்துவிட்டு, எதற்குத் தலைகீழாக்க வேண்டும் என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. நூற்றுக்கு நூறு வாங்குகிறவளுக்குத் தெரியவில்லை. "அப்போ அதையும் எழுது" என்றாய். பதிவேட்டில் என் பெயரும் ஏறியது. விடை சரி. காரணம்: தெரியாது. அதை எழுதும்போது நீ பக்கத்தில் நின்று எழுத்துப்பிழை பார்த்தாய்.

அரையாண்டு விடுமுறையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நான் கிளம்புவதற்குள் மூன்றாம் நாளே உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அன்று உங்கள் வீட்டில் கட்டிய சரத்தை யாரும் வெட்டவில்லை. முழு நீளமாகவே உன்மேல் வைத்தார்கள். அதற்குமேல் அந்த நாளைப் பற்றி எழுத என்னால் முடியாது.

பள்ளி திறந்ததும் டீச்சர் உன் நோட்டை என்னிடம் தந்தார். கடைசிப் பக்கம் திருத்தாமல் இருந்தது, அதைத் திருத்தி உன் அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார். கடைசிப் பக்கத்தில் ஒரே கணக்கு. "ஒரு தாய் மூன்றே முக்கால் லிட்டர் பாலைத் தன் ஐந்து பிள்ளைகளுக்குச் சமமாகப் பங்கிட்டாள். ஒரு பங்கு எவ்வளவு?" விடை முக்கால் லிட்டர். நீ எட்டில் ஐந்து என்று எழுதியிருந்தாய். "எப்படி வந்தேன்" கட்டம் காலியாக இருந்தது. அன்று எழுதுவதற்குள் மணி அடித்திருக்கலாம்.

பலமுறை போட்டுப் பார்த்தேன். ஐந்தால் வகுக்காமல் ஆறால் வகுத்தால் எட்டில் ஐந்து வருகிறது. ஆனால் ஏன் ஆறு? ஐந்தை ஆறென்று படித்தாயா? விளையாட்டு வேளை அடுத்ததாக இருந்ததா? ஒரு நாள் சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, "கவனக்குறைவு" என்ற சொல் தானாகப் பேனா முனைக்கு வந்தது. பயந்துபோய் மூடிவிட்டேன். தவறு என்று போடவும் கை வரவில்லை, சரி என்று போடவும் முடியாது. இதனால்தான் நோட்டு என்னிடமே தங்கிவிட்டது.

நார் விழுந்தபின் இனியும் வைத்திருக்கக் கூடாது என்று தோன்றியது. இன்று காலை தோவாளைக்கு வந்தேன். உன் அம்மா அதே இடத்தில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் காலியாக இருந்தது. நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கடைசியாக எழுதியதைப் படிக்கச் சொன்னார். படித்தேன். விடையில் ஆறு பங்கு வைத்திருக்கிறாய், எதற்கென்று தெரியவில்லை என்றேன்.

அவர் கை நிற்கவில்லை. இரண்டு கட்டுக் கட்டிய பிறகு சொன்னார்.

"பங்கு வைக்கவளும் குடிக்காண்டாமா மக்ளே?"

அவரே மீண்டும், "என்னய விட்டுட்டு அவ ஒண்ணும் பங்கு வச்சதில்ல" என்றார். அதன்பின் நாரை இழுத்த கை நின்றுவிட்டது. நான் எழுந்துபோய் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன். எனக்குக் கட்ட வராது. மொட்டுகளைக் காம்பு ஒருபக்கமாக அடுக்கி அடுக்கி அவர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது நோட்டைத் திறந்து அந்தக் கட்டத்தைப் பார்த்தேன். உன் அம்மா சொன்னதை எழுதிவிட எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? அதுதான் காரணமாக இருக்கும் என்று என் மனம் முழுக்கச் சொல்கிறது. ஆனால் அதுவும் நாங்கள் நினைப்பது. உன்னிடம் கேட்டு எழுதியது ஆகாது. பேனாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, நோட்டை அப்படியே உன் அம்மாவிடம் கொடுத்தேன்.

ஒன்பதாம் வகுப்பிலும் பதிவேடு என்னிடம்தான் வந்திருக்கிறது. யாருடைய விடையாவது தவறாக இருந்தால், எழுதுவதற்கு முன் அவள் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்து கேட்கிறேன். சிலர் உடனே சொல்வதில்லை. காத்திருக்கிறேன்.

உன் கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. அதில் யாரும் எதுவும் எழுதமாட்டார்கள்.

உன் பக்கத்து இடத்துக்காரி