திருப்பிக் காட்டிய போத்தல்

டொக்டர் அண்ணை,

புதிய ஹெல்த் கார்ட் நேற்றுத் தபாலில் வந்தது. என் முகம் பதித்த அட்டை. இதை வேறொருவர் கொண்டுபோய்க் காட்ட முடியாது. சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில், பதினாலாம் மாடிச் சன்னலருகே அதைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, சாம்பியாவில் நாம் வேலை செய்த சுரங்க ஆஸ்பத்திரியின் அட்டைகள் நினைவுக்கு வந்தன. அவற்றில் படம் இல்லை. பெயரும் வயதும் மட்டும்.

சுரங்கத் தொழிலாளரின் குடும்பங்களுக்கு மட்டும் நம்மிடம் எல்லா மருந்தும் இருந்தது. தெருவுக்கு அப்பால் அரசாங்க ஆஸ்பத்திரி. அங்கே யாரும் போகலாம். மழைக்காலத்தில் மலேரியா மருந்துதான் இருக்காது. நீங்கள் வைத்தியர், நான் மருந்து கொடுப்பவன். மருந்து வாங்கியவர்கள் போத்தலைத் திருப்பிக் கொண்டுவந்து உங்களிடம் காட்ட வேண்டும் என்பது உங்கள் வழக்கம். என்மேல் நம்பிக்கை இல்லையாக்கும் என்று உள்ளூர வருந்தியிருக்கிறேன்.

ஒரு மழைக்காலத்தில் மலேரியா மருந்துக்கு வந்த அட்டையில் வயது ஒன்பது. நீங்கள் எழுதிய அளவோ கைக்குழந்தைக்குரியது. அவசரத்தில் பிழையாக எழுதிவிட்டீர்கள் என்று எண்ணினேன். எழுந்து வந்து கேட்கக் கூச்சம். சுவரில் ஒட்டியிருந்த வயது அட்டவணையைப் பார்த்து அளவை நானே கூட்டி, லேபிள் எழுதி, சன்னலால் நீட்டினேன். வாங்கிய கையை மட்டுமே பார்த்தேன்.

சிறிது நேரத்தில் நீங்களே போத்தலோடு வந்தீர்கள்.

"ஐசே, என்ன இது?"

"மட்டையிலை ஒன்பது வயசெண்டு கிடக்கு, அண்ணை."

"மட்டை பக்கத்து வீட்டுப் பெடியன்ரை. பிள்ளை உதிலை நிக்கிற மனிசியின்ரை முதுகிலை. எட்டிப் பாரும்."

எட்டிப் பார்த்தேன். முதுகில் கட்டிய துணிக்கு வெளியே இரண்டு சிறிய பாதங்கள் தொங்கின. அவள் சந்தையில் தக்காளி விற்பவள். சுரங்கத்தில் அவளுக்கு யாரும் இல்லை.

"சுரங்கக் கொம்பனிக்கு என்னைப் பற்றி றிப்போட் எழுதிறதெண்டால் பிறகு ஆறுதலா எழுதும். முதல் மருந்தைச் சரியாக் குடும்," என்றீர்கள். குரல் உயரவில்லை.

கொடுத்தேன். அடுத்த கிழமை அவள் வெறும் போத்தலைத் திருப்பித் தர வந்தபோது, முதுகில் பிள்ளை காய்ச்சல் விட்டு, பலமாக அழுதுகொண்டிருந்தது.

நான் றிப்போட் எழுதவில்லை. அதைப் பெருந்தன்மை என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். உங்கள் பொய் வெளியே வந்தால் என் பிழையும் வெளியே வரும் என்ற பயம்தான், அண்ணை. நீங்கள் உயிரோடு இருந்தபோதே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்று காலை கீழே மருந்துக்கடைக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் நம் ஊர்ப் பிள்ளை தலை நிமிராமல் புதிய அட்டையை வாங்கி, கணினியில் பார்த்து, போத்தலைத் தந்தாள். நானும் அப்படித்தான் கொடுத்தவன். போத்தலை அவளிடமே திருப்பி நீட்டினேன்.

"பிள்ளை, ஒருக்கா என்னைப் பாத்திட்டுச் சொல்லும். இது எனக்குத்தானே?"

அவள் நிமிர்ந்து சிரித்தாள். "ஓம் அங்கிள், உங்கடதான். நீங்கள் ஒவ்வொரு முறையும் கேக்கிறீங்கள்."

"ஓம் பிள்ளை," என்றேன். "ஒவ்வொரு முறையும்தான்."