நீலம் பூசிய சுவர்

உனக்கு,

இன்று காலை திருவொற்றியூர்ப் பள்ளியொன்றில் பெயின்ட் டப்பாவைத் திறந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும், என் பயிற்சிக்கு வந்திருந்த ஆசிரியர்களை உட்காரச் சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றேன். நீ இறந்துபோய் மூன்று வருடமாகிறது. உன்னிடம் சொல்லாத ஒன்று இன்னும் இருக்கிறது.

நான் விலங்கியல் படித்தவள். நீ தண்டையார்பேட்டையில் கடைப் பலகை எழுதிக்கொண்டிருந்தவள். தொண்ணூறுகளின் கடைசியில், எர்ணாவூர்ப் பள்ளிப் பிள்ளைகளைச் சனிக்கிழமைதோறும் எண்ணூர் கழிமுகத்துக்கு அழைத்துப் போனோம். நண்டுக்கு எத்தனை கால் என்று நான் கேட்பேன். நீ கேட்கவே மாட்டாய், வரையச் சொல்வாய். நான் சொல்லியும் மறந்த பிள்ளைகள், வரைந்த பிறகு மறக்கவில்லை. "கோட்டு மேல கை போனாதான் கண்ணும் கூட போவும்" என்பாய். அன்று கேலி செய்தேன். இப்போது எல்லாப் பயிற்சியிலும் அதைத்தான் சொல்கிறேன், உன் பேரைச் சொல்லாமல்.

பிறகு அந்தச் சுவர். பார்த்ததையெல்லாம் பிள்ளைகள் பள்ளிச் சுவரில் வரைந்தார்கள். ஆற்றை வரைவது செல்வியின் பங்கு. மீனவக் குப்பத்துப் பெண், பத்து வயது. ஆற்றுக்கு அவள் சாம்பல் நிறம் பூசினாள். ஆலைச் சாம்பல் கலந்த அந்தத் தண்ணீரில்தான் அவள் அப்பா வலை வீசினார். திறப்பு விழாவுக்கு முந்தின நாள், நம் வகுப்புகளுக்குப் பணம் கொடுத்து உதவிய அதே ஆலையின் அதிகாரி வந்து பார்த்தார். கோபப்படவில்லை. ஆறு நீலமாக இருந்தால் குழந்தைகளுக்கு நன்றாக இருக்குமே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வகுப்புகளே நின்றுவிடும் என்று பயந்தேன். நீ பிரஷைத் தொட மறுத்தாய்.

"அது கண்ணால பாத்த கலருடி. அத்த மாத்த நாம யாரு?"

நீ பஸ் ஏறிய பிறகு நானே பூசினேன். மூன்று தடவை அடித்தும் அடியில் சாம்பல் தெரிந்தது. நான்காவது தடவையும் அடித்தேன்.

மறுநாள் செல்வி சுவரின் முன்னால் வெகுநேரம் நின்றாள். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவள் வரவில்லை, நீயும் வரவில்லை. வகுப்புகள் மட்டும் நடந்தன.

உனக்கு உடம்பு முடியவில்லை என்று தெரிந்து பெரம்பூரில் உன் அக்கா வீட்டுக்கு வந்தேன். "இன்னாடி, செவுரு இன்னும் கீதா?" என்றுதான் முதலில் கேட்டாய். கட்டடத்தையே இடித்துவிட்டார்கள் என்றேன். சிரித்தாய். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன். ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

போன மாதம் செல்வியைத் தேடிப் போனேன். காசிமேட்டில் மீன் விற்கிறாள். அந்தச் சுவரையும் நான் பூசிய நீலத்தையும் சொன்னேன். மீன் அரிவதை நிறுத்தி யோசித்தாள்.

"இன்னாவோ வரைஞ்சோம்க்கா. கலரெல்லாம் நெனப்பு இல்ல" என்றாள்.

நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவளுக்கு நினைவில்லை, நீ இல்லை. ஒரு பத்து வயதுப் பெண் தன் ஆற்றைக் கண்ணால் பார்த்த நிறத்திலேயே வரைந்தாள் என்பதைச் சுமக்க இனி நான் ஒருத்திதான்.