மூடி கழற்றாத மைக்ரோஸ்கோப்

சிலிம் ரிவர்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள அத்தாவுக்கு நஸ்ரியாவின் ஸலாம். உங்கள் முட்டிவலி குறைந்ததா? நான் நலம்.

பிள்ளைகள் தாங்களே பார்த்து, கேள்வி கேட்டுக் கற்க வேண்டும் என்கிறது பாடத்திட்டம். எங்கள் தலைமையாசிரியரோ மைக்ரோஸ்கோப்பை ஆண்டு முழுவதும் அலமாரியில் பூட்டிவைத்து, பரீட்சை விடைகளை மனப்பாடம் செய்ய வைக்கிறார். செவ்வாயன்று கல்வி அதிகாரி பார்வையிட வந்ததும் தலைமையாசிரியரே அதை எடுத்து வைத்து, அலமாரிச் சாவியை என்னிடம் கொடுத்தார். ஆறாம் ஆண்டு மாணவி புனிதா அதில் குனிந்து, "குளத்து நீரில் நுண்ணுயிர்கள் அசைகின்றன" என்று ஒப்பித்தாள். அதிகாரி 'மிகச் சிறப்பு' என்று எழுதிவிட்டுத் தலைமையாசிரியரோடு மீ கோரிங் நூடுல்ஸ் சாப்பிடப் போனார். லென்ஸ் மூடியை யாருமே கழற்றியிருக்கவில்லை. படித்த பெரிய மனிதர்கள் இருவர், அத்தா.

பிறகு நான் கழற்றினேன். புனிதா நெடுநேரம் பார்த்தாள்.

"டீச்சர், ஒண்ணு இன்னொண்ண தொரத்துது. ஏன் டீச்சர்?"

திரும்பி வந்த தலைமையாசிரியர், "அதெல்லாம் பரீட்சைல வராதுலா. பூட்டிட்டு சாவியக் குடுங்க" என்றார்.

"குடுக்க மாட்டேன் சார்."

அடுத்த மாதம் முதல் எனக்கு அறிவியல் இல்லை, ஓவியப் பாடம் மட்டும்தானாம். வேலை போகாது, கவலைப்படாதீர்கள்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் சின்னச் சோற்றுப் பானை ஒன்று கொடுத்தனுப்புங்கள். பெரிய பானையில் ஒருத்திக்குப் போடும் அரிசி அடிப்பிடித்துவிடுகிறது.

மணி அடித்துவிட்டது. புனிதா போத்தலில் தோட்டத்துக் கால்வாய்த் தண்ணீர் கொண்டுவந்து வாசலில் நிற்கிறாள்.

உங்கள் மகள்,
நஸ்ரியா